மூக்கில் குழாயோடு ஒரு நாள்: நெஞ்செரிச்சலை அளக்கும் கருவி பற்றி என் அனுபவம்

மூக்கு வழியாக ஒரு குழாயை இறக்கி, வயிற்று அமிலம் உணவுக்குழாயில் ஏறுகிறதா என்று ஒரு முழு நாள் பார்க்கும் 24 மணி நேர பிஎச் பரிசோதனையை நான் செய்துகொண்டதில் இருந்து, எங்கள் பள்ளியிலோ சொந்தத்திலோ யாருக்கு டாக்டர் அதை எழுதிக்கொடுத்தாலும் என்னிடம்தான் வந்து விசாரிக்கிறார்கள். வலிக்குமா, சாப்பிடலாமா, அதை மாட்டிக்கொண்டு தூங்க முடியுமா என்று வரிசையாகக் கேள்விகள். போனிலும் ஸ்டாஃப் ரூமிலும் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வலி பற்றிய பயம் குழாய் இறங்கிய அரை மணி நேரத்தில் போய்விடும். பரிசோதனை உருப்படியாக அமைவதும் வீணாவதும், அந்த ஒரு நாளை நாம் எப்படிக் கழிக்கிறோம், எதையெல்லாம் குறித்து வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஆனால் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது அதைப் பற்றித்தான்.

எனக்கு இருந்த தொல்லைகள் இரண்டு. ராத்திரி படுத்ததும் நெஞ்சுக்குழியில் இருந்து எரிச்சல் கிளம்பி மேலே ஏறும். சில நாள் புளித்த தண்ணீர் வாய் வரைக்கும் எதுக்களித்துவிடும். இது ஒன்று. பகலெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது இன்னொன்று. கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒரு பீரியடுக்குள் பத்து தடவையாவது செருமாமல் என்னால் பாடம் நடத்த முடியாது. இரண்டுக்கும் அமிலம்தான் காரணம் என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் போடும் பேன்டோபிரசோல் மாத்திரையை ஒரு கிளினிக்கில் எழுதித் தந்தார்கள். எரிச்சல் பாதி குறைந்தது. செருமல் அப்படியே இருந்தது. மாத்திரையை இரண்டு வேளையாக்கினார்கள். அப்போதும் செருமல் குறையவில்லை.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் குடல்நோய் டாக்டரைப் பார்த்தபோது, அவர் முதலில் இசிஜி எடுக்கச் சொன்னார். நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ இருந்தால் முதலில் இதயம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், வயிற்றைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் என்று சொன்னார். யார் என்னிடம் நெஞ்செரிச்சல் என்று சொன்னாலும் இதைத்தான் நானும் முதலில் சொல்கிறேன். மேல் வயிற்றில் எரிகிறது, கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய பேருக்கு இருக்கிறது. நடந்தால் அதிகமாகி நின்றால் குறையும் வலி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு வரும் வலி, இவற்றுக்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழுங்கும்போது சாப்பாடு அடைப்பது, எடை தானாகக் குறைவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை ஆகியவை இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அவற்றுக்கு முதலில் எண்டோஸ்கோபிதான் தேவை.

எனக்கு எண்டோஸ்கோபி செய்தார்கள். உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. புண் இல்லாவிட்டால் நோயும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டாக்டர் விளக்கினார்: எண்டோஸ்கோபியில் தெரிவது அமிலம் உண்டாக்கிய புண் மட்டும். அமிலம் மேலே வருகிறதா, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதை அது காட்டாது. எதுக்களிப்பு உள்ளவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபியில் எதுவுமே தெரியாது. மேலே வருவதைப் பிடிக்க வேண்டுமானால் உணவுக்குழாய்க்குள்ளேயே ஒரு சென்சாரை ஒரு முழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் இது தேவைப்படாது. எப்போதாவது எரிகிறது, மாத்திரையில் சரியாகிவிடுகிறது என்றால் அதோடு விட்டுவிடலாம். மாத்திரை போட்டும் போகாதவர்கள், வருஷக்கணக்கில் மாத்திரையிலேயே இருந்தும் நோய் இதுதானா என்று உறுதியாகாதவர்கள், எதுக்களிப்புக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிப்பவர்கள், இருமல், செருமல், குரல் கம்முவதற்கெல்லாம் அமிலம்தான் காரணம் என்று சொல்லப்பட்டவர்கள், இவர்களுக்குத்தான் இதில் அதிகப் பயன்.

எனக்குப் போட்டது பிஎச்சோடு இம்பீடன்ஸையும், அதாவது மின்தடையையும் சேர்த்து அளக்கும் குழாய். 2 மில்லிமீட்டர் அளவுதான் கனம், நூடுல்ஸ் இழையைவிடக் கொஞ்சம் தடிமன். வயிற்றுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அதன் மேல்விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் மேலே பிஎச் சென்சார் நிற்க வேண்டும். பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம். அங்கே அது 4-க்குக் கீழே இறங்கினால் அமிலம் ஏறிவிட்டது என்று கணக்கு. குழாய் நெடுக சின்னச் சின்ன உலோக வளையங்களும் இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவே திரவம் வந்தால் மின்தடை குறையும், காற்று வந்தால் கூடும். அந்த மாற்றம் மேலிருந்து கீழே போனால் நாம் முழுங்கியது. கீழிருந்து மேலே வந்தால் எதுக்களிப்பு. இதனால் அமிலமில்லாத எதுக்களிப்பும் தெரிந்துவிடும். மாத்திரை போட்டும் வாயில் தண்ணீர் வருகிறது என்பவர்களுக்கு இது முக்கியம். மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கிறது, மேலே வருவதை நிறுத்துவதில்லை. குழாயின் வெளிமுனை இடுப்பில் மாட்டும் ஒரு சின்ன பெட்டியில் போய்ச் சேரும். பழைய வாக்மேன் அளவு பெட்டி. உள்ளே பேட்டரி, வெளியே ஒரு திரை, சில பொத்தான்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது குழாய் அல்ல, அதற்கு முந்தைய வாரம். மாத்திரை இல்லாமல் நிலைமை எப்படி என்று பார்க்க வேண்டியிருந்ததால் பேன்டோபிரசோலை 7 நாள் முன்னாலேயே நிறுத்தச் சொன்னார்கள். ஃபேமோடிடின் மாதிரி மாத்திரை போடுபவர்களுக்கு 3 நாள். அமிலத்தைத் தணிக்கும் ஜெல் மருந்தை மட்டும் முந்தின நாள் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த நாள்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும், உங்களுக்கு எழுதித் தரும் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள். நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் எரிச்சல் முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரியும். நீண்ட நாள் அடக்கி வைத்திருந்த அமிலச் சுரப்பு திரும்பக் கிளம்பும்போது கொஞ்ச காலம் கூடுதலாகவே சுரக்கும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. அந்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சமாக முடித்துக்கொண்டு, தாங்க முடியாதபோது மட்டும் ஜெல்லைக் குடித்து ஓட்டினேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ சாப்பிடுபவர்களுக்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் இருக்கவும் இதே மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறுத்தலாமா கூடாதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மூக்கு எலும்பு வளைந்திருந்தாலும், அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தாலும் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

குழாய் போடும் அன்று 6 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் வரச் சொன்னார்கள். முதலில் மனோமெட்ரி. வேறொரு குழாயை மூக்கு வழியாக இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து முழுங்கச் சொல்லி, உணவுக்குழாயின் தசைகள் எப்படி வேலை செய்கின்றன, சுருக்குத் தசை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிஎச் சென்சாரைச் சரியான உயரத்தில் நிறுத்துவதற்கு இந்த அளவு தேவை. முழுங்கும் தசையிலேயே கோளாறு உள்ள சிலருக்கு எதுக்களிப்பு மாதிரியே தொல்லைகள் இருக்குமாம், அதையும் இந்த மனோமெட்ரி காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகு பிஎச் குழாய். அதை இறக்குவதற்கு முன் டெக்னீஷியன் இரண்டு சின்ன பாட்டில்களில் இருந்த திரவத்தில் குழாயின் நுனியை மாற்றி மாற்றி வைத்து, பெட்டியின் திரையில் எண் சரியாக வருகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலின் பிஎச்சும் ஏற்கெனவே தெரிந்தது. அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இது. நான் கணக்கு டீச்சர் என்பதால் இதை மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி, ஸ்ட்ரா போட்ட தண்ணீரை என் கையில் கொடுத்து, "நான் சொல்லும்போது முழுங்குங்கம்மா, நடுவில் நிறுத்தாதீங்க" என்றார். மூக்கின் பின்பக்க வளைவைத் தாண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு தடவை குமட்டியது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, தலையைக் குனிந்து முழுங்கினால் குழாய் எளிதாக இறங்குகிறது. தலையைப் பின்னால் சாய்த்தால்தான் கஷ்டம். இறங்கியதும் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, காதுக்குப் பின்னால் சுற்றி, கழுத்து வழியாக இடுப்புப் பெட்டிக்குக் கொண்டு போனார். முன்பக்கம் பட்டன் வைத்த சுடிதார் டாப் போட்டுக்கொண்டு போனது ரொம்ப வசதியாக இருந்தது. தலை வழியாகப் போட்டுக் கழற்றும் துணி வேண்டாம். குழாய் இருக்கும்போது அதைக் கழற்றவே முடியாது. பெட்டி நனையக் கூடாது என்பதால் குளியலும் மறுநாள் வரை கிடையாது. கிளம்பும் முன்பே குளித்துவிட்டுப் போங்கள்.

இனிமேல் வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

பொத்தான்களை அழுத்தவும், சின்ன டைரியில் எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பிட ஆரம்பிக்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று. படுக்கும்போது, எழும்போது. எரிச்சல், செருமல், நெஞ்சு வலி வந்தால் அதற்குரிய பொத்தான். கணக்குப் போடும்போது சாப்பாட்டு நேரத்தைத் தனியாக எடுத்துவிடுவார்கள். அதற்குக் காரணம் நம் சாப்பாட்டிலேயே இருக்கிறது. புளிக்கரைசலின் பிஎச் 4-க்குக் கீழே. எலுமிச்சை ஜூஸ் அதைவிடவும் கீழே. கோலா பானங்களும் அப்படியே. ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது சென்சார் அதை அமிலம் என்றுதான் பதிவு செய்யும். சாப்பாட்டுப் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தப் பகுதி கணக்கில் வராது. அழுத்தாமல் ஒரு டம்ளர் ரசத்தை அடுப்படியில் நின்றபடியே குடித்துவிட்டால், வயிற்றில் இருந்து மேலே வந்த அமிலமும் தட்டில் இருந்து கீழே போன புளியும் கணக்கில் கலந்துவிடும். இடையிடையே ருசி பார்ப்பது, வாயில் புளிப்பு மிட்டாய் போட்டுக்கொள்வது, எலுமிச்சை ஜூஸை மணிக்கணக்கில் உறிஞ்சுவது எல்லாமே அந்த ஒரு நாளைக்கு வேண்டாம். குடித்தால் ஒரே மூச்சில் குடித்து, ஆரம்பத்தையும் முடிவையும் குறித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் குடித்தால் பரவாயில்லை என்றார்கள்.

எரிச்சல் வந்ததும் தாமதிக்காமல் அழுத்துவது அதைவிட முக்கியம். எரிச்சல் பொத்தானை அழுத்திய நேரத்துக்கு முந்தைய 2 நிமிடத்துக்குள் எதுக்களிப்பு நடந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். வேலையை முடித்துவிட்டு அழுத்திக்கொள்ளலாம் என்று பத்து நிமிடம் விட்டால் உண்மையில் இருந்த தொடர்பே கணக்கில் இல்லாமல் போய்விடும். டைரியில் நேரம் எழுதும்போது கைக்கடிகாரத்தையோ சுவர்க் கடிகாரத்தையோ பார்க்காதீர்கள். பெட்டியின் திரையில் காட்டும் நேரத்தையே எழுதுங்கள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் 5 நிமிடம் கூடுதலாகத்தான் ஓடும். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து எழுதியிருந்தால் டைரி முழுக்கவே வீணாகியிருக்கும்.

வழக்கமான நாளைப் போலவே இருங்கள் என்று டாக்டர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். காலையில் குழாய் போட்டுவிட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடிக்கு வந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு மத்தியானப் பீரியடுகளுக்குப் பள்ளிக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் பயந்து வாயடைத்துப் போனார்கள். அப்புறம் பெட்டியில் என்ன எண் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிஎச் அளவுகோலைப் பலகையில் போட்டு, எலுமிச்சை எங்கே, தண்ணீர் எங்கே, சோப்புத் தண்ணீர் எங்கே என்று காட்டியதில் பீரியடில் பாதி போய்விட்டது. செருமல் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி பொத்தானை அழுத்தினேன். பாடம் நடத்தும் நாளில்தான் எனக்குச் செருமல். லீவு போட்டு வீட்டில் படுத்துக் கிடந்திருந்தால் அந்தக் கருவியில் செருமலே பதிவாகியிருக்காது.

வீட்டில் என் மாமியாரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. வாசலிலேயே பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மூக்குல கொயாய மாட்டி வுட்டுட்டாங்க! கஞ்சி வெச்சிக் கீறேன், ரவ உப்பு போட்டு அதையே குடி" என்றார். மனசு நிறைந்த அன்பு அது. ஆனால் கஞ்சி குடித்த நாளில் எனக்கு எரிவதே இல்லை. "அத்தை, இன்னைக்கு எப்பவும் சாப்பிடுறத சாப்பிட்டாத்தான் எனக்கு ஏன் எரியுதுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று சொன்னேன். அவர் அரை மனசோடு கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார். ராத்திரி எப்போதும் போல ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பாடு, குழம்பு, ரசம் எல்லாம் இருந்தது. வழக்கமாக எத்தனை மணிக்குப் படுப்பேனோ அத்தனை மணிக்கே படுத்தேன். பரிசோதனைக்காக யாரும் பட்டினி கிடக்கவும் வேண்டாம், விருந்து சாப்பிடவும் வேண்டாம். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால்தான் எரியும், அதனால் அன்றைக்கு ஒரு முழு பிளேட் சாப்பிட்டுக் காட்டிவிடுகிறேன் என்று எங்கள் பி.டி. சார் கேட்டார். மாதம் ஒரு தடவை சாப்பிடுவதை அன்று சாப்பிட்டால் மாதத்தின் ஒரு நாளைத்தான் கருவி பார்க்கும் என்று சொன்னேன்.

காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்க்கும் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்கள் வேலூரில் எப்போதும் இருக்கிறார்கள். கடைப் பலகைகளே வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். குழாய் போடும் அறைக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளப் பெண்மணி அரைகுறை இந்தியில் பேசினார். லாட்ஜில் ஸ்டவ் வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெயில் மீன் குழம்பும் சோறும் தானே சமைத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. வெளியூரில் இருந்து வந்து இந்தப் பரிசோதனை செய்துகொள்பவர்கள் பழக்கமில்லாத ஹோட்டல் சாப்பாட்டையும், லாட்ஜ் கட்டிலில் உருண்டு கிடப்பதையும் சோதித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முடிந்தால் வீட்டுச் சாப்பாடு, முடிந்தால் வீட்டில் படுக்கும் நேரம்.

ராத்திரி தூக்கம் வந்தது. முழு நிம்மதியாக என்று சொல்ல மாட்டேன். தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிற மாதிரி இருக்கும், எச்சில் முழுங்கும்போது தெரியும். புரண்டு படுக்கும்போது வயர் இழுபடாமல் இருக்க, பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பைக்குள் வைத்து, பையை இரவு உடையில் சேஃப்டி பின்னால் குத்தி வைத்தேன். குழாய் சற்று வெளியே வந்துவிட்டதாகத் தோன்றினால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மறுநாள் எடுக்கும்போது பிளாஸ்டரை உரிக்கும் எரிச்சல்தான் அதிகம், குழாய் ஒரு மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது.

அறிக்கையை டாக்டர் பொறுமையாக விளக்கினார். உணவுக்குழாயில் பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரம், பதிவான மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் முதன்மையான எண். 4 சதவீதத்துக்குக் குறைவு என்றால் இயல்பு. 6 சதவீதத்துக்கு மேல் என்றால் எதுக்களிப்பு நோய் உறுதி. நடுவில் வந்தால் மற்றத் தடயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக அளவில் நிபுணர்கள் கூடி 2018-இல் லியோன் வரையறை என்று வெளியிட்டது இது. அதற்கு முன்னால் பல வருஷங்களாக, பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் டிமீஸ்டர் மதிப்பெண்தான் அளவுகோல். ஜான்சனும் டிமீஸ்டரும் 1974-இல் கொண்டு வந்தது. அது 14.72-க்கு மேல் போனால் அசாதாரணம் என்பார்கள். பல அறிக்கைகளில் இன்றும் அந்த எண்ணும் இருக்கும். ஒரு நாளில் 40 தடவைக்குள் மேலே வந்து போனால் அது ஆரோக்கியமான உடம்பிலும் நடப்பதுதான். 80-ஐத் தாண்டினால்தான் அதிகம்.

எனக்கு மொத்தம் 7.8 சதவீதம். பகலை மட்டும் தனியாகப் பார்த்தால் இயல்புக்குப் பக்கத்தில். படுத்த பிறகுதான் ஏறியிருந்தது, ஒரு தடவை ஏறினால் நீண்ட நேரம் இறங்கவே இல்லை. தூக்கத்தில் நாம் எச்சில் முழுங்குவது குறைந்துபோகிறது. எச்சில்தான் அமிலத்தைக் கழுவிவிடுகிறது. படுத்தபடி இருப்பதால் கீழே இழுக்கும் ஈர்ப்பும் இல்லை. அதனால் மேலே ஏறிய அமிலம் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த வரைபடத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்து, நீண்ட சமவெளி மாதிரி கிடந்ததைப் பார்த்ததும், அத்தனை ராத்திரியும் ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

செருமல் விஷயத்தில் வந்த முடிவைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. செருமல் பொத்தானை நான் அழுத்திய பெரும்பாலான தடவைகளில் அதற்கு முன் எதுக்களிப்பு எதுவும் இல்லை. எரிச்சலுக்கும் அமிலத்துக்கும் தொடர்பு தெளிவாக இருந்தது, செருமலுக்கும் அமிலத்துக்கும் இல்லை. இரண்டு வேளை மாத்திரை செருமலை அசைக்காததற்குக் காரணம் அங்கே தாளில் இருந்தது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பீரியட் பீரியடாக உரக்கப் பேசியே தொண்டை களைத்துவிட்டது என்றார்கள். குரலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் குடிப்பதும், வகுப்பின் நடுவில் நின்று மெல்லப் பேசுவதும் அந்த மாத்திரை செய்யாததைச் செய்தன.

சித்தப்பாவுக்கு நடந்தது வேறு. பெங்களூரில் இருக்கிறார். மூக்கில் குழாய் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கம்பியில்லாத கேப்சூல் போட்டார்கள். எண்டோஸ்கோபி செய்யும்போதே உணவுக்குழாயின் உள்சுவரில் ஒரு சின்ன ஊசியால் பொருத்திவிடுவார்கள். அது பெல்ட்டில் மாட்டும் ரிசீவருக்குத் தகவல் அனுப்பும். 96 மணி நேரம் வரை பதிவு செய்யலாம். ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் மோசமாகும் தொல்லைகளுக்கு இது கூடுதலாக உதவும். ரிசீவர் எப்போதும் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். குளிக்கும்போதுகூட பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கேப்சூல் சில நாளில் தானாகவே கழன்று மலத்தோடு போய்விடும். 30 நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. சிலருக்கு முழுங்கும்போது நெஞ்சில் ஏதோ குத்துவது மாதிரி இருக்கும், அபூர்வமாக எண்டோஸ்கோபி செய்து எடுக்க வேண்டி வரும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, குழாயைவிடச் செலவும் அதிகம். அமிலத்தை மட்டும்தான் அளக்கும், அமிலமில்லாத எதுக்களிப்பை அளக்காது.

பதிவான நாள் எல்லாவற்றிலும் சித்தப்பாவுக்கு 4 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. எரிச்சல் பொத்தானை அழுத்திய நேரங்களிலும் அமிலம் இல்லை. அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உணவுக்குழாயின் நரம்புகள் அதிகக் கூருணர்வோடு இருப்பதால் சாதாரணமாக நடப்பதும் எரிச்சலாகத் தெரிகிறது என்று விளக்கி, நரம்புணர்வைத் தணிக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். பல வருஷமாகச் சாப்பிட்டு வந்த அமில மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். தேவையில்லாத ஒரு மருந்தை நிறுத்த ஆதாரம் கிடைப்பதும், தேவையான மருந்துக்கு ஆதாரம் கிடைப்பதும் என் மனதில் ஒரே தட்டில்தான் நிற்கிறது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பணம் வீண் என்று அவர் முதலில் வருத்தப்பட்டார். மாதா மாதம் அந்த மாத்திரைக்கு ஆன செலவை நினைத்துப் பாருங்கள் சித்தப்பா என்று சொன்னேன்.

எச்சிலில் காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பது, கைக்கடிகாரத்தில் அளப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உணவுக்குழாயின் அடியில் நடப்பதை வாயிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ அளக்க முடியாது.

எனக்கு இப்போது ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிகிறது, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறோம். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடப்பக்கமாகப் படுக்கிறேன், அப்போது வயிறு உணவுக்குழாய்க்குக் கீழே தொங்குவதால் அமிலம் ஏறுவது குறைகிறது. மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, ஒரு வேளை மட்டும். புளிக்குழம்பை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டோம், அத்தைக்கு அதில் சந்தோஷம்தான்.

அறிக்கை வாங்கும்போது ஒரு பக்கச் சுருக்கத்தோடு திருப்திப்படாதீர்கள். வரைபடத்தோடு எல்லாப் பக்கமும் கேளுங்கள். அந்த மருத்துவமனையிலேயே இல்லாமல் வேறு டாக்டரிடம் போக வேண்டி வந்தாலும், பின்னால் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தாலும் அதுதான் அவர்கள் கேட்கும் முதல் ஆதாரம். மாத்திரையை நிறுத்திச் செய்ததா, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே செய்ததா என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எதுக்களிப்பு முன்பே உறுதியானவர்களுக்கு, மாத்திரை ஏன் போதவில்லை என்று பார்க்க இரண்டு வேளை மாத்திரையோடே செய்வதும் உண்டு. இரண்டின் எண்களுக்கும் ஒரே அர்த்தம் இல்லை. எழுதியிருக்கவில்லை என்றால் அந்த அறையை விட்டு வெளியே வரும் முன் டெக்னீஷியனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் தேதியோடு எழுதி வாங்கி, டைரியின் நகலையும் சேர்த்து ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன்.